தொண்ணூற்று மூன்றரைப் பாகம்

சவரிமுத்து காலமான செய்தி வந்தபோது நான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். புதிதாக வந்த சுருளைப் பிரித்துப் போட்டு, இரண்டு கைகளையும் விரித்து, பாகம் பாகமாக எண்ணிக்கொண்டு வந்தேன். முப்பத்தேழு ஆகியிருந்தது. டைவருக்குக் காற்று அனுப்பும் பம்பைச் சுற்றுகிற கோவிந்தன் படகுத்துறைப் படியில் இறங்கி வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சவரி போய்ட்டாருபா. காலைல டீ குட்சிட்டு, மாரு வலிக்குதுன்னு படுத்தாராம். அவ்ளோதான்," என்றார். அளந்த இடத்தில் ஒரு துணி நாடாவைக் கட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ராயபுரத்தில் சவரி வீட்டுக்கு நடந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர் கையிலும் இந்தத் தாள் சிக்கலாம். அவர்களுக்காக நாலு வரி. சவரிமுத்து எங்கள் துறைமுகத்து டைவர். செம்புத் தொப்பியும் ரப்பர் உடுப்பும் ஈயச் செருப்பும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, கப்பலின் அடியில் என்ன கோளாறு என்று பார்த்து வருகிற வேலை. ஏகாம்பரமாகிய நான், மேலே படகில் நின்று அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறவன். மேலிருந்து ஒருமுறை சுண்டி இழுத்தால் சௌக்கியமா என்று கேட்பதாகப் பொருள். கீழிருந்து ஒரு சுண்டல் வந்தால் சௌக்கியம். பதினெட்டு வருஷம் இப்படிப் பேசிக்கொண்டோம். கரையேறிவிட்டால் சண்டை போடுவோம். பெரும்பாலும் ஆரம்பிக்கிறவன் நான்தான். இதை வாசிக்கிற பலருக்கும் என் வாய் தெரியும்.

போர்க்காலத்தில் ஒரு பழைய போர்க்கப்பல் வந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. முந்தைய மகாயுத்தத்திலேயே பீரங்கி சுட்ட கப்பல். வயதான காலத்தில் இந்த யுத்தத்துக்கும் இழுத்து வந்திருந்தார்கள். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று எங்களை எச்சரித்தார்கள். சொல்லாமலே பழகிவிட்டதால் இன்றும் அது என் வாயில் வருவதில்லை. சவரி அதைக் 'கெய்வி' என்றுதான் கூப்பிடுவார். ஓடும்போது கெழவியின் உடம்பு உதறுகிறது, அடியில் என்ன என்று பார்க்க வேண்டும் என்றார்கள். நான்கு நாள் அவர் அதன் அடியில் இருந்தார். கலங்கல் தண்ணீர், தன் கையே தனக்குத் தெரியாது. முகப்பிலிருந்து பின்முனை வரை, கைகளை விரித்து விரித்துத் தடவிக்கொண்டே போனார். எண்ணாமல் ஒரு பாகம்கூட நகர மாட்டார். கீழே இருக்கிறவனுக்கு எண்ணிக்கைதான் வழி. எத்தனை பாகம் போனோம் என்று மறந்தால், எத்தனை பாகம் திரும்ப வேண்டும் என்பதும் போய்விடும்.

கடைசி நாள் மேலே வந்து, தொப்பியைக் கழற்றியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தொண்ணூத்தி மூணரை." எனக்குச் சிரிப்பு வந்தது. "அரை வேறயா?" என்று கேட்டேன். "அரை கீதுன்னா அரைன்னுதானே சொல்லணும்?" என்றார். அதே நாள் கப்பல்காரர்கள் என்னை மேலே ஏற்றி ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தார்கள். முகப்பிலிருந்து பின்முனை வரை மேல்தளத்தில் நடந்து பார்த்தேன். எட்டு பீரங்கி, இரண்டு புகைபோக்கி. நீளம் அறுநூறு அடி என்று ஒரு மாலுமி சொன்னான். சவரி ஈர உடுப்போடு படகிலேயே உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்துத்தான் அந்த ஆசை அவருக்கு வந்தது. காசிமேட்டில் அவர் மைத்துனர் வீட்டில் பழைய கட்டுமரத்துக் கட்டை ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து செதுக்க ஆரம்பித்தார். படம் இல்லை, புத்தகம் இல்லை, வரைபடம் இல்லை. ஒரு பாகத்துக்கு ஒரு விரற்கடை என்று கணக்கு வைத்து, அந்த விரற்கடைகளை ஒரு குச்சியில் வெட்டுப்போட்டுக் கொண்டார். கண்ணை மூடி யோசிப்பார், கட்டையைத் தடவுவார், பிறகு ஒரு சீவல் சீவுவார். கப்பலைத் தள்ளும் நான்கு விசிறிகளைப் பித்தளைத் தகட்டில் அடித்துப் பொருத்தினார். சுக்கான் வைத்தார். இடது பக்கம் பின்னால் ஒரு குழிவு இருந்ததாம். அதையும் பெருவிரலால் அளந்து குடைந்தார். சிப்பி ஒட்டியிருந்த இடங்களில் பசை தடவி மணல் தூவினார். எல்லாம் முடிந்ததும் காவிச் சிவப்பு அடித்து, தன் வீட்டு முன்னறையில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவர் மனைவி எலிசம்மா, "எல்லாரு வூட்லயும் கப்பல அலமாரியில வெப்பாங்க. எங்க வூட்ல மின்விசிறி மாதிரி மாட்டிகீறாரு," என்று என்னிடம் முறையிட்டார்.

மேல்பக்கம் மொட்டையாக இருந்தது. பீரங்கி இல்லாமல் என்ன போர்க்கப்பல் என்று கேட்டேன். "மேல நான் கைய வெக்கலியே ஏகா. கைய வெக்காதத எப்டி செய்றது?" என்றார். "படகுலேர்ந்து பாத்தியே," என்றேன். "பாத்தா ஆச்சா? ஊரே பாத்துச்சு." ஒரு வருஷம் இதே வாக்குவாதம். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது. "நீ ஏறி நடந்தியே, நீயே செய். கீழ என்து, மேல உன்து," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் செய்தேன். தச்சு வேலை எனக்குச் சுமாராகத்தான் வரும். தேயிலைப் பெட்டிப் பலகையில் தளம், பூட்ஸ் பாலிஷ் டப்பாக்களில் பீரங்கிக் கூண்டுகள், குடைக்கம்பிகளில் பீரங்கிகள். அந்த ஐப்பசி முழுவதும் என் வீட்டில் குடையைத் தேடினார்கள். அவருடைய வெட்டுக் குச்சியையே கடன் வாங்கி அளந்தேன். அறுநூறு அடி, ஒரு பாகத்துக்கு ஆறடி, ஆக நூறு விரற்கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிந்தனும் நானும் அதை ஆளுக்கொரு முனையாகத் தலையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூரில் என் வீட்டிலிருந்து ராயபுரம் வரை நடந்தோம். வழியில் ஒருவர், "இன்னா நைனா, சப்பரமா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஸ்டூல் போட்டு ஏறி, கப்பலின் மேல் தளத்தை வைத்தோம். ஆறரை விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காலத்துப் போர்க்கப்பலின் முகப்பு நேராக இறங்கும். மேலும் கீழும் ஒரே நீளம்தான் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் தப்பு. அது நானாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "நீ கீழ எண்ணிக்கை வுட்டுட்ட சவரி," என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நான் வுடல." நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "நாலு நாள் கீழயே கெடந்தியே, தல சுத்தியிருக்கும். ஆறேழு பாகம் போனதே தெரிஞ்சிருக்காது," என்றேன். கோவிந்தன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சவரி ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தார்.

நான் சொன்னது கிண்டல். ஆனால் ஒரு டைவருக்குத் தண்ணீருக்குள் தலை சுற்றுகிறது என்பது கிண்டல் அல்ல. கோவிந்தன் அதை வேடிக்கையாகப் பத்துப் பேரிடம் சொன்னார். இரண்டே நாளில் அது மேஸ்திரி காதுக்குப் போய்விட்டது. மேஸ்திரி நல்ல மனிதர், அதனாலேயே பயந்தார். "எண்ணிக்க தப்புற ஆள எறக்கி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று சொல்லி, சவரியைக் கரை வேலையில் போட்டார். தொப்பிக் கண்ணாடி துடைப்பது, குழாய்க்கு ஒட்டுப் போடுவது. இரண்டரை மாதம் அவர் தண்ணீரில் இறங்கவில்லை. யாரிடமும் போய் நியாயம் கேட்கவும் இல்லை. என்னிடம் மட்டும் ஒரே ஒருமுறை பேசினார். "மறுபடி எறங்கினா, கவுத்த வேற ஆளு புடிக்கட்டும்," என்றார். வீட்டுக்குப் போய் அன்று நான் சாப்பிடவில்லை. கோபம் அவர் மேல் என்று நினைத்துக்கொண்டேன். கெட்ட வாய், கெட்ட மனசு, இரண்டும் எனக்கு ஒன்றாகவே அமைந்திருந்தன.

புது ரப்பர் உடுப்பு தைக்க அளவு அனுப்ப வேண்டும் என்று பண்டகசாலையிலிருந்து ஆள் வந்தது அப்போதுதான். கரை வேலையில் இருந்தாலும் பட்டியலில் சவரியின் பெயர் இருந்தது. நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். "கைய நீட்டுங்க," என்றார் அளவெடுக்க வந்தவர். சவரி சுவரைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் விரித்தார். நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை. "ஆறு அடி அஞ்சு அங்குலம்," என்று அளவெடுத்தவர் எழுதிக்கொண்டார். அடுத்த ஆள் வந்து நின்றார். நான் நாடாவை விடவில்லை.

பாகம் என்றால் ஆறடி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடலின் ஆழம் குறித்த வரைபடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கும். கலங்கல் தண்ணீருக்குள் படம் ஏது? அவர் அளந்தது தன் கையால். என் புத்திக்கு இது எட்ட இரண்டரை மாதமும் ஒரு அளவு நாடாவும் வேண்டியிருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், மேஸ்திரியும் எல்லோரும் இருக்கும்போது, கரித்துண்டை எடுத்துச் சுவரில் பெருக்கினேன். தொண்ணூற்று மூன்றரைத் தடவை ஆறடி ஐந்தங்குலம். அறுநூறு அடிக்கு அரை அங்குலம் குறைவு.

"தப்பு என்னுது," என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். "அவரு ஒரு பாகம்கூட வுடல. நான்தான் வாய வுட்டேன்." மேஸ்திரி சுவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அந்த அர அங்குலம் இன்னாச்சு சவரி?" என்று கேட்டார். சவரி சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "கெய்வி மேல பெயிண்டு உரிஞ்சிருக்கும்," என்றார். அப்போது எழுந்த சிரிப்பில் நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ கவர்மெண்டு பாகத்துல அளந்த, நான் என் பாகத்துல அளந்தேன். ரெண்டும் சரிதான், ஒண்ணா வெச்சாதான் பேஜாரு," என்றார். மறுநாள் காலை உடுப்பு மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்தவர், இடுப்புக் கயிற்றின் நுனியை என் மடியில் போட்டார். அவர் இறங்கி, தரை தொட்ட பிறகு நான் ஒருமுறை சுண்டினேன். அடுத்த நொடியே பதில் வந்தது.

அந்த வாரமே ஒரு மூங்கிலை அவர் கைகளுக்குச் சரியாக ஆறடி ஐந்தங்குலத்தில் வெட்டினேன். மேல்தளத்தை எடுத்து, இரண்டு புகைபோக்கிகளுக்கும் நடுவில் ஆறரை விரற்கடையை அறுத்துத் தள்ளி மறுபடி ஒட்டினேன். இம்முறை பொருந்தியது. சவரி ஸ்டூல் மேல் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, முகப்பிலிருந்து பின்முனை வரை ஒவ்வொரு கூண்டாக, ஒவ்வொரு குடைக்கம்பியாகத் தடவினார். நடுவில் ஒட்டுப் போட்ட இடத்தில் விரல் நின்றது. "இங்க ஒரு தயும்பு கீது," என்றார். "அது என் வாய் பட்ட இடம்," என்றேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தார். பிறகு, "இப்ப மேலயும் பாத்துட்டேன்," என்று சொல்லி இறங்கினார். அதன் பிறகு ஏழெட்டு வருஷம் நாங்கள் நிம்மதியாகச் சண்டை போட்டோம். போன வருஷம்தான் அவர் தண்ணீரில் இறங்குவதை நிறுத்தினார். மத்தியானங்களில் கப்பலுக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். நான் போனால், படுத்தபடியே கதவுப் பக்கத்தை ஒரு காலால் காட்டி, உட்காரச் சொல்லுவார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கேதான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஜெபமாலை சுற்றிய கைகள் மார்பில் மடங்கி இருந்தன. தலைமாட்டில் நிறுத்தக் கொண்டுவந்த சிலுவை கப்பலின் விசிறியில் இடித்தது. கோயில் உபதேசியார் கப்பலைக் கழற்றிவிடலாமா என்று எலிசம்மாவைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணே. அவரு எப்பவும் அதுக்குக் கீழதானே படுத்துகினு இருப்பாரு," என்றார். இருக்கட்டும் என்றேன். உபதேசியார் சிலுவையை ஒரு சாண் தள்ளி வைத்தார். சவரி மல்லாந்து, அந்தச் சிவப்பு அடிப்பக்கத்துக்கு நேர் கீழே, கெழவிக்கு அடியில் நான்கு நாள் இருந்ததுபோலவே இருந்தார். எனக்குத் துக்கத்தைவிட ஒரு நிறைவு அதிகமாக இருந்தது. அவருக்குப் பிடித்த இடத்தில் இருக்கிறார் என்று தோன்றியது.

கப்பலை எலிசம்மா யாருக்கும் தர மாட்டார், தரவும் கூடாது. என்னிடம் இருப்பது அந்த மூங்கில். எங்கள் வீட்டில் கொடிக்கயிறு, பாய், பந்தல் எல்லாம் அதில்தான் அளக்கிறோம். கடைக் கயிறு எப்போதும் குறைகிறது. கடையில் போய்ச் சண்டை போடாதே என்று என் மனைவி முன்கூட்டியே சொல்லிவிடுவாள். இன்னொன்றும் வைத்திருக்கிறேன்: கீழே இருப்பவன் ஒரு எண் சொன்னால், மேலே நிற்கும் நான் முதலில் என் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். இதை என்னைப் போன்ற வாய்க்காரன் ஒருவனுக்கு, ஒரு கோபச் சொல்கூட இல்லாமல் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்து மறுநாள் வேலைக்குப் போனேன். கயிறு நான் விட்டபடியே கிடந்தது, துணி நாடாவும் இருந்தது. "எத்தினில வுட்டியோ, முதல்லேர்ந்து எண்ணுவோமா?" என்று கோவிந்தன் கேட்டார். வேண்டாம் என்றேன். நாடாவை அவிழ்த்துவிட்டு, கைகளை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்து, முப்பத்தெட்டு என்றேன்.