நீலத் தலை

மில்வாக்கியில் விதைப் பட்டியல்கள் அச்சிட்ட ஒரு கம்பெனியில், வண்ணம் திருத்தும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் வாண்டா. அந்த அறை இன்றைக்கும் அவள் கண்ணுக்குள் நிற்கும். சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிற மேலங்கி. சிவப்புச் சட்டையோடு யாராவது நுழைந்தால், அதன் சாயல் திரையில் விழும் என்று துரத்தியடிப்பார்கள். ஓர் ஆள் கனத்தில் கண்ணாடிக் குழாய்த் திரை. காலையில் போட்டதும் ‘டொங்’ என்று அதிர்ந்து விழிக்கும். அந்த வண்ணத்தை இந்தக் காலத்துத் தட்டைத் திரைகள் காட்டிவிடுமா என்ன?

கணினியிலிருந்து அதற்குப் போகும் தடித்த கேபிளுக்கு ஐந்து தலை. சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்று. படம் உருண்டு ஓடாமல் பிடித்து நிறுத்த இரண்டு. செருகினால் மட்டும் போதாது, கால் சுற்றுத் திருகிப் பூட்ட வேண்டும். கம்பெனியை மூடிய அன்று மற்றவர்கள் நாற்காலியும் விளக்கும் அள்ளிக்கொண்டு போக, வாண்டா அந்தக் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆசையால் அல்ல, தன் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தால்.

தொண்ணூற்று நான்கில் ஒரு மத்தியானம், மேசைக்குப் பின்னால் விழுந்த காதுத் தோட்டை எடுக்கப் போனவள் நீலத் தலையை இடித்துக் கழற்றிவிட்டாள். அவசரத்தில் திரும்பச் செருகினாள், திருகவில்லை. அடுத்த ஷிப்ட் நார்பர்ட்டுடையது. நீலம் சரியாக வராமல் திரை மஞ்சளடித்தது. படங்கள்தான் மஞ்சள் என்று நம்பி, நாற்பது பக்கத்துக்கும் நீலத்தைக் கூட்டினான் அவன். மறுநாள் காலை வாண்டா மஞ்சளைப் பார்த்ததும் தலையைத் திருகிப் பூட்டினாள். பக்கங்கள் அச்சுக்குப் போயிருந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல.

தக்காளி ஊதாவாக வந்தது. நார்பர்ட்டைப் பார்சல் கட்ட அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் ‘கத்தரிக்காய்’.

போன வெள்ளிக்கிழமை, சர்ச் கூடத்து மீன் வறுவல் விருந்தில் அவன் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“நம்ம பழைய கம்ப்யூட்டரும் திரையும் ஒருத்தன்கிட்ட கிடைச்சுது, வாண்டா. கேபிள்தான் இல்ல. நீ குப்பை சேக்குறவளாச்சே, இருக்கா?”

“இருக்கு,” என்றாள். மீன் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

சனிக்கிழமை அவன் கராஜில் நான்கு தலைகளைப் பூட்டினாள். நீலத்தை மட்டும் வெறுமனே செருகினாள்.

“நான் திருகல. பாத்துக்கோ.”

‘டொங்’ என்றது திரை. கணினியிலேயே கிடந்த பழைய தக்காளிப் படம் மஞ்சளடித்துக்கொண்டு வந்தது.

“அன்னைக்கும் இப்படித்தான் விட்டேன். உன் தப்பு இல்ல நார்பர்ட், என் தப்பு.”

அவன் குனிந்து, திருகாமல் தொங்கிய நீலத் தலையைப் பார்த்தான்.

“கண் டாக்டர்கிட்ட மூணு தடவ போனேன்,” என்றான் கடைசியில். “கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு, நான் நம்பல. சட்டை வாங்கணும்னாக்கூட பொண்டாட்டி லோயிஸைத்தான் கேப்பேன். அவ கேலி பண்ணுவா.”

வாண்டா அழுதாள்.

“அழாத. எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு. கொஞ்சம் சும்மா இரு.”

கையைப் பின்னால் விட்டு நீலத் தலையைத் திருகினான். மஞ்சள் வடிந்து தக்காளி சிவந்தது.

“இப்ப சரியா இருக்கா?” என்று பழக்கத்தில் அவளைக் கேட்டான்.

“நீயே சொல்லு.”

சாம்பல் நிறச் சட்டையோடு திரையருகே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“சிவப்பு ஒரு துளி ஜாஸ்தி,” என்றான்.

ஜாஸ்தியாகத்தான் இருந்தது.