சுவர் நேராகத்தான் நின்றது

கட்டடங்களைப் படமெடுக்கிற தொழிலில் ஒரே ஒரு வசதிதான் உண்டு: கட்டடம் கண் சிமிட்டாது. மிச்சத்தை, முதலாளியின் குணத்தைச் சகித்துச் சம்பளம் வாங்குகிற நீங்கள் எல்லோரும் ஊகித்துக்கொள்வீர்கள். என் முதலாளி ஹலினா என்ற பெண்மணி, போலந்துக்காரர். அங்கே கட்டடக்கலை படித்து, கொப்பன்ஹேகனுக்கு வந்து வீடுகளுக்கு வரைபடம் கீறி, பிறகு அதை விட்டுவிட்டுக் கமெராவைத் தூக்கியவர். ஆளில்லாத படிக்கட்டுகளையும் சுவர்களையும் படமெடுத்து, கதவளவு பெரிதாக அச்சிட்டுக் கலைக்கூடங்களில் தொங்கவிடுவார். அவருடைய பெயர் முழுவதும் ஒரு விஷயத்தில் நின்றது. அவர் படத்தில் கோடு சாயாது.

நான் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவேன், ட்ரைபொட் சுமப்பேன், திட்டு வாங்குவேன். நாங்கள் கதைப்பது டேனிஷ். அவருடையதில் போலந்து இருக்கும், என்னுடையதில் யாழ்ப்பாணம். டேனிஷ்காரருக்கு இரண்டும் விளங்காது.

கெட்டிமேளம்

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், புரொண்பியில் என் மச்சாளின் மகளுக்குக் கல்யாணம். படமெடுக்க ஒழுங்கு செய்தவருக்குக் காய்ச்சல். நான் வாய் தவறி ஹலினாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். மணவறைக்குத் தூண்கள் உண்டு என்றதும் அவரும் ஒப்புக்கொண்டார். மண்டபத்துக்குள் வந்தவர் மணமக்களைப் பார்க்கவில்லை, மணவறையைத்தான் பார்த்தார். இடப்பக்கத் தூண் சாய்கிறது என்றார். அடியில் காகித மட்டை மடித்து வைத்தேன்.

ஐயர் கெட்டிமேளத்துக்குக் கைகாட்டி, கட்டுங்கோ தம்பி என்றார். மாப்பிள்ளை தாலியோடு எழுந்து குனிந்தார். எல்லோர் கையிலும் தூவுவதற்கு அறுகரிசி. அந்த நேரம் பார்த்து, கமெராவுக்குப் பின்னாலிருந்து ஹலினா "வென்ட்" என்றார். பொறு என்பதற்கு டேனிஷ். தூண் மறுபடி சாய்ந்திருந்தது. மாப்பிள்ளை இங்கே பிறந்து இங்கே படித்த பிள்ளை. தாலியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். மேளம் முழங்கிக்கொண்டே இருந்தது. என் மச்சாள் என்னைத் தேடித் திரும்பினார். நான் ஓடிப்போய்த் தூணைக் கட்டிப்பிடித்தேன். ஹலினா தலையாட்டிய பிறகுதான் முடிச்சு விழுந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் தாய் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஐயர் தமிழில சொன்னது இவனுக்குக் கேக்கேல்ல, தம்பி. உங்கட வெள்ளைக்காரி டேனிஷில சொன்னது மட்டும் கேட்டிட்டுது."

தோள்

எஸ்பியர்க்கில், ஓய்வு பெறப்போகிற தொழிற்சாலை மேலாளர் ஒருவரைப் படமெடுக்கக் கேட்டிருந்தார்கள். ஹலினா வழக்கமாக மனிதரை எடுப்பதில்லை. பின்னணியில் இருந்த தொழிற்சாலையின் செங்கல் சுவருக்காக ஒப்புக்கொண்டார். மேலாளரின் இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இடது காலின் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, உள்ளே பத்திரிகைத் தாளை மடித்து வைத்தார். பிறகும் சரிவரவில்லை. இன்னும் கொஞ்சம் தாள் வைத்தார். அந்தப் பெரிய மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல நின்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை, நிலத்தைப் பார்த்தேன்.

படத்தைக் கொடுக்கப் போனபோது அவருடைய மனைவி அதை யன்னல் பக்கம் கொண்டுபோய்க் கனநேரம் பார்த்தார்.

"சுவர் எங்களுடையதுதான். இந்த ஆளை எனக்குத் தெரியாது."

நாலாம் மாடி

அருங்காட்சியகம் ஒன்று ஹலினாவின் வாழ்நாள் வேலை முழுவதையும் காட்சிக்கு வைக்க ஒழுங்கு செய்தது. நடுச்சுவருக்கு ஒரு புதுப் படம் தேவைப்பட்டது. இஷொய் என்ற புறநகரில் ஓர் அடுக்குமாடியின் படிக்கட்டைத் தெரிவு செய்தார். கமெராவைப் பூட்டிக் கண்ணை வைத்தவர், உடனே எடுத்தார். நாலாம் மாடிச் சுவர் புடைத்துக்கொண்டு வருகிறது, யாரையாவது கூப்பிடு என்றார்.

கட்டடப் பராமரிப்பாளர், நீர்க்குமிழி வைத்த மட்டப்பலகையோடு வந்தார். சுவரில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது, சுவர் நேர். மட்டப்பலகை பழுது என்றார் ஹலினா. பராமரிப்பாளர் என்னைப் பார்த்தார். ஹலினா வலது கண்ணைப் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார். வலது கண் அவர் கமெராவில் வைக்கிற கண். ஒரு கோடு நேரா இல்லையா என்று ஹலினா இரண்டு தரம் பார்த்து நான் கண்டதில்லை.

நாலாம் மாடியில் இருக்கிற மன்னார்க்காரர் மரியதாஸ் அண்ணை, தன் புதுச் சமையலறை பின்னால் தெரிய, கதவைத் திறந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தச் சுவருக்கு அங்கால இப்பதான் குசினி புதுசாப் போட்டனான். அவவை வேற வீட்டுச் சுவரைப் பாக்கச் சொல்லும்."

சதுரத் தாள்

கண் வைத்தியரிடம் போவோம் என்றால் வரமாட்டார். அச்சுக்கூடத்துக்குப் போகிறோம் என்று காரில் ஏற்றி, வைத்தியசாலை வாசலில் நிறுத்தினேன். இது அச்சுக்கூடம் இல்லை என்றார். ஓம் என்றேன். அவர் என்னிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல், ஆம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் சொல்கிற அந்த ஓம்தான். அவருக்கு அது விளங்கும்.

தாதி ஒரு தாளைக் கொடுத்தார். கணக்குக் கொப்பியில் இருப்பதுபோல முழுக்கச் சதுரங்கள், நடுவில் ஒரு புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னார். "இதைக் கீறினவருக்குக் கோடு கீறத் தெரியாது, வேலையை விட்டு நிறுத்துங்கள்" என்றார் ஹலினா. தாதி மற்றக் கண்ணைப் பொத்தச் சொன்னார். ஹலினா பொத்தினார். இப்போது கோடு நேராகத்தான் இருக்கிறது என்று சொல்லி, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வலது கண்ணில், பார்வையின் நடுவிடத்தில் கசிவு என்றார் டொக்டர். ஊசி போட்டால் இதற்கு மேல் கெடாமல் நிறுத்தலாம்; வளைந்து தெரிவது நிமிரும் என்று சொல்ல முடியாது. ஊசி எங்கே போடுவீர்கள் என்று நான் கேட்டேன். கண்ணில் என்றார். ஊசி எனக்கில்லை. இருந்தும் நான்தான் கதிரையைத் தேடினேன்.

திரும்பி வரும்போது ஹலினா காரின் யன்னல் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்காட்சி வேண்டாம், அருங்காட்சியகத்துக்குச் சொல்லிவிடு என்றார். நேர்க்கோடு தெரியாதவளின் படத்தை யார் பார்ப்பது என்றார். நான் காரை ஓட்டினேன். பெரிய வீதிக்கு ஏறிய பிறகு, மெதுவாகச் சொன்னார்.

"அந்தச் சுவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்."

குப்பைப் பை

நான் அருங்காட்சியகத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. சில ஊசிகளுக்குப் பிறகு, அவரே இஷொய்க்குக் காரை விடச் சொன்னார். ட்ரைபொட்டை நான் மட்டம் பார்த்துப் பூட்டினேன். அவர் இடது கண்ணை வைத்தார். பழகாத கண். ஒவ்வொரு விளிம்பாகக் கேட்டார்: கைப்பிடி நேரா, கதவு நிலை நேரா, சுவர் நேரா. நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் ஒருவரையும் நம்பாத மனிதர் என்னை நம்பியது எனக்குப் பயமாக இருந்தது.

அழுத்தப்போகிற நேரம் மேலே கதவு திறந்தது. மரியதாஸ் அண்ணை குப்பைப் பையோடு இறங்கி வந்தார். எங்களைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தார். "வென்ட்" என்றார் ஹலினா. மரியதாஸ் அண்ணை நின்றார்.

"அந்த மனிதர் சாய்ந்து நிற்கிறாரா, அல்லது என் கண்ணா?" என்று ஹலினா என்னைக் கேட்டார்.

"அவர்தான். இடுப்பில் ஒப்பரேஷன் செய்தவர்."

"நிச்சயமாக?"

"ஓம்."

"அப்படியென்றால் அவர் அங்கேயே நிற்கட்டும்." ஆளில்லாத படிக்கட்டுகளையே எடுத்து வந்த ஹலினா, ஆளோடு சேர்த்து அழுத்தினார்.

திறப்பு விழாவுக்கு மரியதாஸ் அண்ணை கோட் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்தார். நடுச்சுவரில், பையும் கையுமாகத் தன்னைப் பார்த்தார். கிட்டப் போனார், பின்னால் வந்தார். பிறகு என் காதோடு சொன்னார்.

"அவ முதல் சுவரைக் கோணல் எண்டு சொன்னவ. இப்ப சுவர் கம்பு மாதிரி நிக்குது, நான்தான் கோணல். பரவாயில்ல தம்பி, குசினி தப்பீட்டுது."

இப்போது எந்தக் கோடு என்றாலும் ஹலினா என்னைக் கேட்டுத்தான் நம்புகிறார். நானோ, அவருக்குத் தெரியாமல், ஒவ்வொரு முறையும் மட்டப்பலகையைக் கேட்டுவிட்டுத்தான் ஓம் என்கிறேன்.