மூன்றாம் நாள் அனுப்பிய இணைப்பு

எனக்குச் சும்மா இருக்க வராது. கடையில் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் கூடையில் என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தேநீர் ஆறும் வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்வதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன குளிர்காலத்தில் என் மகளுக்கு நான் செய்த காரியத்தை யாரிடம் சொன்னாலும், தாய்தானே, பாசத்தில் செய்ததுதானே என்று முடித்துவிடுகிறார்கள். பாசம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அவசரம் அதைவிடக் கூட இருந்தது.

பனிச்சறுக்குக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. நாங்கள் இருக்கும் டார்னெய்ட் என்ற புறநகரில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடு என்று ஒன்று இல்லை. ஏழாம் வகுப்பில் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று நாள் மலைக்குக் கூட்டிப்போனார்கள். போன பிள்ளை வேறு, வந்த பிள்ளை வேறு. சறுக்கிக்கொண்டு இறங்குவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவளுக்குப் பிடித்தது ஃப்ரீஸ்டைல். பனியால் கட்டிய மேட்டில் வேகமாக ஏறி, ஆகாயத்தில் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று சுழன்று, மறுபக்கம் நிமிர்ந்து இறங்க வேண்டும். கோடையில் டிராம்போலின் மண்டபத்தில் குதித்துப் பழகுவாள். பதினாறு வயதிலிருந்து குளிர்கால வார இறுதிகளில் மலையில் சறுக்குப்பலகை வாடகைக் கடையில் வேலை. வருகிறவர்களின் காலுக்குச் சப்பாத்து அளவு பார்த்துக் கொடுப்பாள், இடைவேளையில் ஓடிப்போய்க் குதிப்பாள். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி, சாரதி நான். அவளுடைய அப்பாவுக்குப் பனியைக் கண்டாலே மூக்கடைக்கும்.

போன வருடம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. முடிந்ததும் ஒரு வருடம் மலையில் தங்கி ஒழுங்காகப் பயிற்சி எடுப்பதா, நேரே பல்கலைக்கழகம் போவதா என்று அவளுக்குள் ஒரே இழுபறி. அந்த நேரம் பார்த்துத்தான் சறுக்குப்பலகை செய்யும் ஒரு கம்பெனி வீடியோப் போட்டி ஒன்றை அறிவித்தது. இதுவரை யார் கண்ணிலும் படாத திறமையைத் தேடுகிறோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அறுபது வினாடிக்குள் வீடியோ அனுப்ப வேண்டும். பத்து நாள் பொதுமக்கள் வாக்களிப்பார்கள். முதல் பத்துப் பேரை நடுவர்கள் பார்த்து, அதில் மூன்று பேரை நியூசிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள்.

"என்னைத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் கெட்டிக்காரி எண்டுதான் சொல்லுவினம் அம்மா. தெரியாத ஆக்கள் என்ன சொல்லினம் எண்டு பாக்கப்போறன். அதை வச்சு முடிவெடுப்பன்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, ப்ளீஸ்," என்றாள். என்னை அவளுக்குத் தெரியும்.

வீடியோ எடுத்தது நான். கையுறையோடு ஃபோன் திரை வேலை செய்யாது என்பதால் இரண்டு நாள் வெறும் கையோடு பனியில் நின்றேன். முப்பத்தேழு தடவை குதித்தாள். நான்கு தடவைதான் ஒழுங்காக இறங்கினாள். மற்றதெல்லாம் விழுந்ததுதான். ஒவ்வொரு தடவையும் அவள் எழும்பும் வரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, எழும்பியதும் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டியபோது அந்த நான்கும் மட்டும் மிஞ்சின. திரையில் பார்த்தால் பிறந்த நாளிலிருந்து விழாத பிள்ளை மாதிரி இருந்தாள்.

"விழுந்ததையும் போட்டா என்ன?"

"ஒருத்தரும் போடமாட்டினம் அம்மா."

சரியாக எழுதிய விடைகளை மட்டும் கிழித்துக் கொடுக்கிற சோதனை இது என்று எனக்குப் பட்டது.

மலையில் இன்னொரு பெண் இருந்தாள். ஆட்களை மேலே ஏற்றிவிடும் லிஃப்டில் வேலை. இருபது வயது இருக்கலாம். நாங்கள் படம் பிடித்த இரண்டாம் நாள், மதிய இடைவேளையில் வேலை ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து மூன்று தடவை குதித்தாள். மூன்று தடவையும், படியிறங்குகிற மாதிரி அலட்டல் இல்லாமல் இறங்கினாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி ஃபோனில் எடுத்தாள். விரல் பாதிக் கமெராவை மறைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எடுத்து முடித்ததும் அந்தப் பெண் சாண்ட்விச்சைக் கடித்தபடி திரும்ப வேலைக்குப் போய்விட்டாள். அவளும் அதே போட்டிக்குத்தான் அனுப்பினாள். "பாத்தீங்களே? அவ விழவே இல்லை," என்றாள் மகள். பொறாமை ஒரு பொட்டும் இல்லை. அது எனக்குத்தான் இருந்தது.

வாக்களிப்புத் தொடங்கியது. முதல் நாள் அவளுக்கு முப்பத்தொரு வாக்கு. இரண்டாம் நாள் பின்னேரம் நாற்பத்தாறு. இடம் முப்பதுக்குக் கீழே எங்கேயோ. மேலே இருந்தவர்களின் வீடியோக்களைத் திறந்து பார்த்தேன். ட்ரோன் வைத்து ஆகாயத்திலிருந்து எடுத்திருந்தார்கள். இங்கே வெயில் காலம் வந்தால், அப்போது குளிர்காலமாக இருக்கும் வடக்கு நாடுகளுக்குப் பனியைத் தேடிப் பறக்கிற குடும்பங்கள். பக்கத்தில் பயிற்சியாளர் நிற்கிறார். யார் கண்ணிலும் படாதவர்களாம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

மகளோ முகமெல்லாம் சிரிப்போடு இருந்தாள். "நாற்பத்தாறு தெரியாத ஆக்கள் அம்மா." கனடாவிலிருந்து யாரோ ஒருவர், சுழற்சி நன்றாக இருக்கிறது, தோளைக் கொஞ்சம் முந்தித் திருப்பினால் இறங்குவது சுலபம் என்று எழுதியிருந்தார். அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். பிறகு வரவேற்பறையில் நின்று தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவர் அவளுடைய தோளைக் கவனித்திருக்கிறார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நான் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், வேலையில் மதியச் சாப்பாட்டு நேரம், பொறுக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டேன். மகளின் முகம் நன்றாகத் தெரிகிற படம் ஒன்றையும் சேர்த்தேன். "எங்கட பிள்ளை. எல்லாரும் வோட் பண்ணுங்கோ. மற்றக் குறூப்புகளுக்கும் அனுப்புங்கோ" என்று எழுதினேன். எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பாட்டுப் போட்டியோ, சமையல் போட்டியோ, எங்கட பிள்ளை என்றால் பட்டனை அழுத்திவிட்டுத்தான் மறுவேலை. குழுவிலிருந்து கோயில் குழுவுக்கு, அங்கிருந்து டொரொன்டோவுக்கு, லண்டனுக்கு, பாரிசுக்கு, திரும்ப யாழ்ப்பாணத்துக்கு. வேலை முடிந்து காருக்கு வரும்போது முந்நூறு தாண்டியிருந்தது. மறுநாள் எட்டாம் இடம்.

அவள் குசினிக்குள் ஓடிவந்து, சமைத்துக்கொண்டிருந்த என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். "எங்கயோ ஷெயர் ஆகியிருக்கு அம்மா. ஆக்களுக்குப் பிடிச்சிருக்கு." நான் அவளுடைய முதுகைத் தடவினேன். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம், ஒரு வருடம் பயிற்சிக்குப் போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவ்வளவு நிமிர்ந்து அவள் நடந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தேன்.

ஆறாம் நாள் காலை நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஃபோனோடு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துகளை இன்னும் கூட்டித்தான் வாசிப்பாள்.

"தமிழில கொமன்ட் வந்திருக்கு அம்மா. ஆழ்ந்த... இரங்கல்கள். இரங்கல் எண்டா என்ன?"

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. எங்கள் குழுக்களில் வாழ்த்தைவிட மரண அறிவித்தல்தான் அதிகம். படத்தில் ஒரு முகம், கீழே நாலு வரி. யாரோ ஒரு அங்கிள் இணைப்பைத் திறந்ததும் வழக்கம்போல இரங்கலைத் தட்டிவிட்டிருக்கிறார். அதைப் பார்த்து ஒரு அன்ரி, ஆத்மா சாந்தியடையட்டும் என்று போட்டிருக்கிறார். மூன்றாவது ஆள் கைகூப்பியிருக்கிறார். உயிரோடு முன்னால் இருக்கிற பிள்ளைக்கு மூன்று பேர் செத்தவீடு கொண்டாடியிருந்தார்கள். சிரித்துச் சிரித்து அர்த்தத்தைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. விரலால் பக்கத்தை இழுத்து இழுத்துப் பெயர்களைப் பார்த்தாள். எல்லாம் எங்கள் பெயர்கள்.

"இவை வீடியோவைப் பாக்கவே இல்லை," என்றாள். "நீங்கள் அனுப்பினீங்களோ?"

"ஓம்."

"எப்ப?"

"மூண்டாம் நாள்."

அவள் எதையோ கூட்டிக் கழிப்பது முகத்தில் தெரிந்தது. நாற்பத்தாறுக்குப் பிறகு வந்த வாக்குகளில் எது பார்த்துப் போட்டது, எது எங்கட பிள்ளை என்பதற்காகப் போட்டது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. எனக்கு அது விளங்கியது. விளங்கியதால்தான் சண்டைக்குப் போனேன்.

"மற்றப் பிள்ளையளுக்கு அவையின்ர ஆக்கள் போடேல்லையே? ட்ரோனால எடுக்கிறது மட்டும் நியாயமோ? எங்களிட்ட இருக்கிறது ஆக்கள்தான்."

"அவையும் அப்பிடித்தான் அம்மா. எனக்குத் தெரியும்." குரலை உயர்த்தவே இல்லை. "நான் வெல்ல எண்டு போகேல்லை. தெரிஞ்சுகொள்ளத்தான் போனனான். இப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?"

பத்தாம் நாள் வாக்களிப்பு முடிந்தபோது அவள் ஏழாம் இடம். லிஃப்டில் வேலை செய்கிற பெண் பதினொன்று. அன்றைக்கே மகள் விலகிக்கொள்வதாக எழுதி அனுப்பிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. தெரிந்ததும் நான் கத்தினேன். உனக்கு விசரா என்றேன். முப்பத்தேழு தடவை குதித்தது இதற்கா என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் படிக்கப் போனாள்.

அவளுடைய இடத்துக்கு அந்தப் பெண் போனாள். தெரிவான மூன்று பேரில் அவள் இல்லை. மூன்றில் இரண்டு பேர் ஏற்கெனவே ஏதோ இளையோர் அணியில் இருப்பவர்கள் என்று கம்பெனியின் பக்கத்திலேயே பெருமையாக எழுதியிருந்தது. இந்தப் போட்டிகள் திறமையைக் கண்டுபிடிக்கின்றனவா என்று வேலையிடத்தில் ஒருத்தி கேட்டாள். யாரிடம் நல்ல கமெரா, யாருக்குப் பெரிய சுற்றம் என்று அச்சொட்டாகக் கண்டுபிடிக்கும் என்றேன். சொல்லும்போதே அந்தக் கனடாக்காரரின் நினைவு வந்தது. அவர் தோளைப் பார்த்தாரே. அப்படி நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். அவர்களோடு அவளை விட்டிருந்தால் முப்பதாம் இடமோ நாற்பதாம் இடமோ வந்திருப்பாள். அது அவளுடைய சொந்த இடமாக இருந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

இங்கே குளிர்காலம் முடிகிற ஓகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. மலைக்குப் போகும் வழியில், பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். ஒரு வருடப் பயிற்சியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் வளைவுகளில் காரை வேகமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ஒண்டு கேக்கட்டே அம்மா? கோவிக்காதேங்கோ."

"கேள்."

"பத்து நாள் இருந்தது. நீங்கள் மூண்டாம் நாளே அனுப்பினீங்கள். நான் தோத்துப்போவன் எண்டு எப்ப நினைச்சனீங்கள்?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆட்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அதிலும் பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டது அதை அல்ல.

"ரெண்டாம் நாள் பின்னேரம்," என்றேன்.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மலை ஏற ஏற மரங்களுக்கு அடியில் பனி தென்படத் தொடங்கியிருந்தது.

"நான் ஆறாம் நாள் காலமை வரைக்கும் அப்பிடி நினைக்கேல்லை," என்றாள்.

வாடகைக் கடை வாசலில் காரை நிறுத்தினேன். போயிட்டு வாறன் என்று சொல்லி இறங்கி, சப்பாத்து அளவு பார்க்க உள்ளே போனாள்.