பதினோரு நாள் டிரம்ஸ்

போன வாரம் அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தபோது, யாரோ ஒரு கட்டுரையை போனுக்கு அனுப்பினார்கள். முகம் தெரியாத ஒரு தம்பி எங்கள் மூன்று ஆல்பங்களையும் அக்குவேறு ஆணிவேறாக அலசியிருந்தார். எங்கள் என்றால், 'கொண்டைச்சேவல்'. சிரிக்காதீர்கள். மல்லசமுத்திரத்துக் கோழிப்பண்ணையில் உட்கார்ந்து ஒரு ஹெவி மெட்டல் குழுவுக்குப் பெயர் யோசித்தால் வேறு என்ன வரும்? மூன்றே பேர். கிட்டார் வாசித்து, அடித்தொண்டையில் உறுமிப் பாடியது மைதிலி. டிரம்ஸ் செல்வண்ணன். பேஸ் கிட்டார் அடியேன்.

தம்பியின் தீர்ப்பு இதுதான். முதல் ஆல்பம், தகர டப்பாவுக்குள் சண்டை நடக்கிற மாதிரி இருக்கிறதாம். பேஸ் கிட்டார்காரர் அன்றைக்கு லீவா என்று வேறு கேட்டிருந்தார். இரண்டாவது உலகத்தரம், இப்படி ஒரு டிரம்ஸ் சத்தத்தை இந்தப் பக்கத்தில் யாரும் பதிவு செய்ததில்லையாம். மூன்றாவது சுமார், சத்தம் பத்தவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. லீவெல்லாம் போடவில்லை, தம்பி. வாசித்ததும் நான்தான், அந்தச் சத்தத்தை அமுக்கியதும் நான்தான். ஒலிப்பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் என்று எல்லாப் பாவமும் என் தலையில்தான். யோசித்துக்கொண்டே நின்றதில் தண்ணீர் சுண்டி, முட்டை வெடித்து, வீடெல்லாம் அந்த வாடை.

அந்த வாடைதான் என் நினைப்பை மைதிலியின் அப்பா பண்ணைக்கு இழுத்துக்கொண்டு போனது. பழைய கோழிகளை விற்றுவிட்டுப் புதுக் குஞ்சு விடாமல் அந்த வருஷம் ஒரு கொட்டகை காலியாகக் கிடந்தது. அதில்தான் முதல் ஆல்பம். சுவரே இல்லாத கொட்டகை, சுற்றிலும் கம்பி வலை. எதிரொலி வரக்கூடாது என்று முட்டை அட்டைகளை வலை முழுக்கக் கட்டித் தொங்கவிட்டோம். நாமக்கல் சீமையில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? புது அட்டையாகக் கேட்டு வாங்கியிருக்கலாம். நான் மகா புத்திசாலி, பண்ணையில் குவிந்து கிடந்த பழையதையே எடுத்துக் கட்டினேன். அதில் குடியிருந்த கோழிப்பேன் முழுக்க எங்கள் மேல் ஏறியது. முதல் பாட்டில் மைதிலி அத்தனை ஆவேசமாகக் கத்துவதைப் பலரும் பாராட்டுகிறார்கள். பாதிக்கு மேல் அரிப்பு.

மைதிலி ஒரு விடுதிப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எழுபது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தி வந்த தொண்டை அது.

அந்த ஆல்பத்தில் எல்லாப் பாட்டுமே மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். 'வித்தியாசமான கலை முடிவு' என்று தம்பி எழுதியிருக்கிறார். அது மைதிலி அப்பாவின் முடிவு. அடுத்த கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

"மெதுவா ஆரம்பிங்க சாமி. ஒரேயடியா மொழக்குனீங்கன்னா கோழி பயந்து ஒரு வாரத்துக்கு முட்டை உடாது" என்று சொல்லிவிட்டார் மனிதர். கோழிக்குப் பழக வேண்டுமே என்று ஒவ்வொரு பாட்டையும் பூனை மாதிரி தொடங்கினோம். கடைசியில் கோழிகள் எங்களைவிட நன்றாகப் பழகிவிட்டன. ஒலிப்பதிவில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் இரண்டு பாட்டுக்கு நடுவில் அவற்றின் கொக்கொக் கேட்கும்.

செல்வண்ணனுக்கு நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் டிங்கர் வேலை. தகரத்தைத் தட்டி வளைத்து கேபினுக்கு உருவம் கொடுக்கிறவர். பட்டறைக்கு அமாவாசை அமாவாசைக்குத்தான் விடுமுறை. அதனால் எங்கள் ஒலிப்பதிவும் அமாவாசைக்கு அமாவாசைதான். ஒன்பது அமாவாசை, ஒன்பது பாட்டு. சித்திரை வெயிலில் ஒரு பாட்டு, ஐப்பசி அடைமழையில் ஒரு பாட்டு. டிரம்ஸ் தோல் ஒரு மாதம் தொங்கிக் கிடக்கும், ஒரு மாதம் விறைத்து நிற்கும். பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாறுகிறது என்று குறை சொன்னால் நான் என்ன செய்ய? பஞ்சாங்கத்தைக் கேட்க வேண்டும்.

மாஸ்டரிங்கில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன். எந்தப் பெட்டியில் போட்டாலும் பாட்டு ஒரே மாதிரி கேட்கும்படி கடைசியாகச் சத்தத்தைச் சீர் செய்கிற வேலை அது. அப்போது எனக்கு லாரி கேபின்களில் ஸ்பீக்கர் மாட்டுகிற கடை. என்னிடம் இருந்த நல்ல ஸ்பீக்கரெல்லாம் லாரிக்குள்தான் இருந்தன. செல்வண்ணன் பட்டறையில் நின்ற ஒரு கேபினில் ஏறி உட்கார்ந்து, இஞ்சினை ஓடவிட்டு மாஸ்டரிங் செய்தேன். ஏன் இஞ்சின்? எங்கள் ஊரில் லாரியில் பாட்டுக் கேட்கிறவன் இஞ்சினை நிறுத்திவிட்டா கேட்கிறான்? என் மூளை அப்படிப் போனது. இஞ்சினின் 'தட் தட்' சீட்டு வழியாக முதுகில் ஏறியது. ஆகா, பேஸ் இவ்வளவு தூக்கலாக இருக்கிறதே என்று என் கிட்டாரை நானே குறைத்தேன். இன்னும் குறைத்தேன். இஞ்சின் ஓடினால் அந்த ஆல்பம் மலை சரிகிற மாதிரி இருக்கும். நிறுத்தினால் தகர டப்பா. பெங்களூரில் ஒருவர் வீட்டில் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் நாகரிகமாகத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த அவமானத்தில்தான் இரண்டாவது ஆல்பம் பிறந்தது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை ஒன்றுக்கு மேலே மாடி அறையைப் பிடித்தேன். கீழே மிளகாய் மூட்டை இறக்கினால் மேலே மைதிலி தும்முவார். பொங்கல் நோம்பிக்குப் பட்டறை சாத்தியிருந்த நாட்களோடு லீவும் போட்டு, செல்வண்ணன் பதினோரு நாள் தினமும் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்தார். அவர் அடித்ததைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுத்தியல் பிடித்த கை. வலது கை கணக்காக விழும். இடது கை மட்டும் இம்மியளவு பிந்தி வரும். டவுன் பஸ் புறப்படும்போது யாராவது ஓடி வந்தால் டிரைவர் ஒரு நொடி தாமதிப்பாரே, அந்த மாதிரி ஒரு இரக்கம் அந்த அடியில் இருக்கும். அப்போது எனக்கு அது இரக்கமாகத் தெரியவில்லை. பிசகாகத் தெரிந்தது.

அவர் ஊருக்குப் போன பிறகு என்ன செய்தேன் தெரியுமா? கணினியில் தாளக் கணக்குக்குக் கோடு போட்டு, அவர் அடித்த ஒவ்வொரு அடியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெளிநாட்டுக்காரன் பதிந்து விற்ற ரெடிமேட் அடியை வைத்தேன். கோட்டின் மேல் அச்சாக. அப்புறம் மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கூரை முட்ட ஏற்றினேன். ஹார்ட் டிஸ்க் நிறைந்து போய் இடமில்லை என்றது. செல்வண்ணனின் பதினோரு நாளையும் அழித்தேன். ஒரு பட்டன்தான். கை நடுங்கியது என்று சொன்னால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை.

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பெருமையாகப் பட்டறைக்குப் போனேன். செல்வண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பாட்டை முழுதாகக் கேட்டார்.

"நல்லா இருக்குது. யாரு வாசிச்சது?" என்றார்.

"நீங்கதாண்ணா."

"ஓ" என்றார். சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மைதிலி என்னை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு அவராக ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு அமாவாசையும் காலையில் செல்வண்ணனுக்கு போன் போட்டு, "அண்ணா, இன்னிக்கு அமாவாசைங்க" என்பார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை கிடையாது. இருபது அமாவாசைக்கு மேல் அப்படி ஓடியது. ஒரு அமாவாசையன்று நாங்கள் பண்ணையில் டிரம்ஸை எடுத்து வைத்துக் காத்திருந்தபோது வாசலில் பைக் சத்தம். செல்வண்ணன் நேராக வந்து டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார்.

"நா அடிச்சதுல கை வெக்கக் கூடாது. ஆமா, முந்தி அடிச்ச அசலு பத்தரமா இருக்குதில்ல?" என்று கேட்டார்.

"இருக்குதுங்ணா" என்றேன். இல்லை என்றால் எழுந்து போய்விடுவார் என்ற பயம். மூன்றாவது ஆல்பத்தில் எதையும் மாற்றவில்லை, சத்தத்தையும் ஏற்றவில்லை. தம்பி சுமார் என்று எழுதியது அதைத்தான். நான் செய்ததில் உருப்படியான ஒரே மாஸ்டரிங் அதுதான், தம்பி.

கட்டுரையை செல்வண்ணனும் படித்திருக்கிறார். அடுத்த நாளே போன்.

"ஏங்கண்ணு, ரெண்டாவதத்தான் எல்லாரும் ஒசத்தியா சொல்றாங்களாமா. அதுல என்ற அடியத் திருப்பி வெச்சு உட்டுரலாமில்ல? இனி நா அடிக்கப் போறதில்ல. தோள்பட்டை மேல ஏற மாட்டீங்குது."

போனில் சொல்லும் சங்கதியில்லை அது. "நேர்ல வாரனுங்ணா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமக்கல் போய் இறங்கினேன்.

அவர் வீட்டு வாசலில் அவர் மகன் வாங்கிய புது லாரி நின்றது. கம்பெனியிலிருந்து கேபினோடேயே வந்தது, ஏசி வைத்தது. "ஏறு, மொதல் ஆல்பத்தப் போடு" என்றார். போட்டேன். தகர டப்பா. இஞ்சினை ஓடவிட்டோம். அது காதுக்கே கேட்காத மாதிரி மெல்ல முனகியது. பாட்டு தகர டப்பாவாகவேதான் இருந்தது.

"இதெல்லாம் ஒரு இஞ்சினா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார் செல்வண்ணன். நான் மாஸ்டரிங் செய்த முதல் ஆல்பத்தைக் கேட்க வேண்டிய அந்தப் பழைய கேபின் இப்போது எந்தச் சாலையிலும் இல்லை. மைதிலி அப்பாவின் கொட்டகை நாலு பக்கமும் அடைத்து, ராட்சத மின்விசிறி வைத்த கட்டடமாகிவிட்டது. செவ்வாய்ப்பேட்டை மாடியில் இப்போது மிளகாயே குடியிருக்கிறது. போகட்டும், அதெல்லாம் என்னால் அழிந்ததில்லை.

அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து சொன்னேன்.

"அண்ணா, அந்த அசல் இல்லீங்க. அன்னைக்கே அழிச்சுட்டேன். உங்ககிட்டப் பொய் சொல்லீட்டேன்."

அவர் ஏசியை அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். ரோட்டில் முட்டை வண்டி ஒன்று போனது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு நாளும்?"

"பதினோரு நாளும்."

"அழிக்கறக்கு முன்னால வேற ஆராச்சும் அதக் கேட்டாங்களா?"

"இல்லீங்ணா. மைதிலியும் கேக்கல. நான் ஒருத்தன்தான்."

"முழுசாக் கேட்டியா?"

"முழுசாத்தான். ஒவ்வொரு அடியையும் எடுக்கோணுமில்லீங்ளா? மாசக்கணக்கா ஹெட்போன மாட்டிக் கேட்டேன்." திருடப் போனவன் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் மனப்பாடம் செய்த கதைதான் அது.

செல்வண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தைவிடப் பெரியதாக ஓர் ஆசை இருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

சொன்னேன். வெறும் வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. ஏழாவது பாட்டை வாயாலும், கேபின் டேஷ்போர்டின் மேல் விரலாலும் அடித்துக் காட்டினேன். இடது கை பிந்தி வரும் இடத்தில் பிந்தினேன். நடுவில் அவர் வேகம் பிடித்து ஓடி, பிறகு எங்களுக்காக நின்று கூட்டிக்கொண்டு போன இடத்தில் நானும் ஓடி நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் பொங்கிய நன்றியை எந்தப் பெட்டியில் போட்டுக் கேட்பது? என்னை வெளியே இறக்கிவிடாமல் எப்படி இருந்தது என்று கேட்டாரே, அது போதும்.

முடித்தேன். செல்வண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

"கடைசியில ரெண்டு அடி உட்டுட்டியே கண்ணு" என்றார்.

இருக்கலாம். சரி பார்க்க அசல் இல்லை.