எதிர் சீட்டில் ஒரு மூச்சு

அறுபதுகளில் ஒரு சித்திரை மாதம், இழுப்பு நோயுள்ள மகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூரிலிருந்து பாலக்கரைக்கு, தம்பி கல்யாணத்துக்காக ரயிலில் போனேன். கரூர் தாண்டியதும் புழுக்கம் தாங்கவில்லை. அவளுக்கு இழுக்கத் தொடங்கியது.

எதிரே பருத்த உடம்பும் வெற்றிலையால் சிவந்த வாயுமாக ஒருவர் இருந்தார். அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவரும் தோளை உயர்த்தி இழுத்தார். அவள் விட்ட பிறகுதான் அவரும் விட்டார்.

“உங்களுக்கும் இழுப்பு உண்டுங்களா?” என்று கேட்டேன்.

“எனக்கா? இல்லீங்களே” என்று கூச்சத்துடன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்று நேரத்தில் மறுபடியும் அதேதான்.

கோட்டை ஸ்டேஷனில் அவர் இறங்கியபோது அவளுக்கு ஓரளவு அடங்கியிருந்தது. அவர் கூட்டத்தில் மறையும்வரை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

“பாவம்மா அவரு. அவ்வளவு மூச்சு வாங்குது, கூட யாருமே வரலையே.”