பின்விளக்கு இல்லாத மூன்று டன் சைக்கிள்

அல்குசா ஊர்க்காரர் அனிசெத்தோ அறுபத்து மூன்று வயது வரை சைக்கிளில் ஏறியதில்லை. ஏறிய முதல் சைக்கிளின் எடை மூன்று டன். பொய்யில்லை, அரசு முத்திரை வைத்த காகிதமே அவரிடம் இருக்கிறது.

அவருடைய ஆலிவ் தோப்பு இரண்டு ரயில் குகைகளுக்கு நடுவே கிடக்கிறது. இருநூற்றுப் பத்து மரங்கள். மேலே செங்குத்துப் பாறை, கீழே ஆறு. ரயில் நின்றுபோய், தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, அந்த வெறும் தடத்தில்தான் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டினார். அப்புறம் யாருக்கோ புத்தி உதித்தது. தடத்துக்குத் தார் போட்டார்கள், குகைகளுக்குள் விளக்குப் போட்டார்கள், வெளிநாட்டுக்காரர்கள் சைக்கிளில் போக வழி என்று பலகை நட்டார்கள். சைக்கிள் வரலாம், நடக்கிறவர் வரலாம், குதிரை வரலாம், மோட்டார் வரக்கூடாது. அன்றைக்குத் தோப்பில் நின்றிருந்த டிராக்டரின் டிரெய்லர் அங்கேயே சிறைப்பட்டது.

மனுப் போட்டார். வேறு வழி இல்லாதவர்களுக்குத்தான் விலக்கு, உங்களுக்கு ஆற்றுப் பாலம் இருக்கிறது என்று அலுவலகம் பதில் எழுதியது. பாலம் அவர் பிறப்பதற்கு முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. வரைபடத்திலிருந்து மட்டும் போகவில்லை. கோவேறு கழுதையில் ஏற்றி வரலாமா என்று கேட்டார். பலகையில் குதிரை என்றுதான் இருக்கிறது, கோவேறு கழுதை பாதிக் குதிரைதானா என்பதை ஆராய்ந்து வருகிறோம் என்றார்கள். இன்னமும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், பாவிகள்.

இரண்டு அறுவடை மரத்திலேயே கருத்து உதிர்ந்தது. மூன்றாம் வருஷம் கடிதம் வந்தது. தொடர்ந்து மூன்று வருஷம் அறுவடை நடக்காத நிலம் கைவிடப்பட்ட நிலம்; சைக்கிள்காரர்கள் இளைப்பாற எடுத்துக்கொள்ளப்படும். அறுவடை நடந்ததென்றால் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் தேதியிட்ட ஆலை ரசீதோ, அதற்கு இணையான அதிகாரபூர்வ ஆவணமோ காட்ட வேண்டும். கூடவே ஒரு வரைபடம். அனிசெத்தோ பிறந்த வருஷம் நட்ட மரம் நிற்கிற இடத்தில் கழிப்பறை வரைந்திருந்தார்கள், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மனைவி பிரிஹிதா பருப்புக் குழம்பைச் சூடு பண்ணிப் பண்ணி அலுத்துப்போனாள்.

இந்தப் பாதைக்குக் காவலர் யார் தெரியுமா? பிரிஹிதாவின் கூடப் பிறந்த அண்ணன் சிப்ரியானோ. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரியும் இவரிடம் பாடம் கேட்க வேண்டும். பெற்ற தாய் பாதையின் இடது ஓரமாக நடந்தாள் என்று எச்சரிக்கைச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர். விதிப்புத்தகம் முழுதும் மனப்பாடம். தலையில் தொப்பி இருக்கும்வரை தங்கையும் தெரியாது, மச்சானும் தெரியாது.

அனிசெத்தோவும் விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்தார். சைக்கிள் என்றால் இரண்டோ அதற்கு மேலோ சக்கரமும், பெடலும், மணியும் உள்ள வண்டி. அவ்வளவுதான். எத்தனை அகலம், எத்தனை பாரம் என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்று தடவை படித்துவிட்டு டிரெய்லரை நினைத்துப் பார்த்தார்.

தோப்பிலிருந்து எண்ணெய் ஆலை வரை ஒன்பது கிலோமீட்டர், எல்லாம் இறக்கம். ரயிலுக்காக வெட்டிய தடம் என்பதால் பூப்போல இறங்கும். சந்தேகம் தீர ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தோப்பு வாசலில் உருட்டிவிட்டு, பின்னாலேயே நடந்தார். பழம் ஆறு கிலோமீட்டர் தானாக உருண்டது. பழைய ரயில் நிலையம் வந்தது; அங்கே இப்போது மதுக்கடை. தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். உள்ளே போய் ஒரு கோப்பை ஒயினோடு பழத்தையும் உரித்துத் தின்றுவிட்டார். நிலையத்துக்கு அந்தப் பக்கம் போய் வேறொரு பழத்தை உருட்டினார். அதுவும் ஆலை வாசல்வரை உருண்டது. மனுஷருக்கு மகா திருப்தி.

டிரெய்லரின் முன்பக்கம் ஹேண்டில்பாரும், இரண்டு ஜோடி பெடலும், மணியும் பற்றவைத்தார். பெடலை மிதித்தால் பெடல் சுற்றும். அதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் சுற்றாது. பிரேக்குக்கு ஒரு கயிறு, அது பிரிஹிதா கையில். கிறுக்குப் பிடித்தவனுக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டே அவளும் அவரோடு நான்கு நாள் ஆலிவ் உதிர்த்து டிரெய்லரை நிரப்பினாள்.

டிசம்பர் முப்பத்தொன்று காலை கிளம்பினார்கள். ஆலை பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடும். இரண்டு பேரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆலிவ் குவியலின் முன்னால் உட்கார்ந்து மிதித்தார்கள். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. எதிரே வந்தவர்களெல்லாம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் ஒதுங்கினார்கள். பின்னால் ஹாலந்துக்காரர்கள் பதினோரு பேர் மாட்டிக்கொண்டார்கள். குகையை டிரெய்லர் அடைத்துக்கொண்டிருந்ததால் முந்த வழியில்லை. அவர்கள் மணி அடித்தால் அனிசெத்தோவும் மரியாதைக்குத் திருப்பி அடித்தார்.

பதினொன்றேகால் மணிக்கு நிலையம் வந்தது. வண்டி மெதுவாயிற்று. பிரேக் பிடிக்காதே என்று அனிசெத்தோ கத்தினார். பிடிக்கவே இல்லை என்று பிரிஹிதா கத்தினாள். மதுக்கடை வாசலில், காவலர் அறைக்கு நேர் எதிரே, மூன்று டன்னும் கல்லாக நின்றுவிட்டது. நிற்கிற ரயில் தானாக ஓடிவிடக்கூடாதே என்று நிலையத்தை மட்டும் சமதளமாகக் கட்டுவார்கள். நூற்றெண்பது மீட்டர் சமதளம். ஆரஞ்சைத் தின்ற இடம்.

சிப்ரியானோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். சக்கரத்தை எண்ணினார். மணியை அடித்துப் பார்த்தார். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, சைக்கிள்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பாதையை மறித்து நிற்கக்கூடாது, உடனே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். இரண்டு பேரும் மிதித்தார்கள். பெடல் ஜோராகச் சுற்றியது. ஹாலந்துக்காரர்கள் இறங்கி வந்து தள்ளினார்கள். வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. கடைக்குள் இருந்தவர்களும் கோப்பையை வைத்துவிட்டு வந்தார்கள். அப்போதும் இன்னும் ஓர் ஆள் பலம் குறைந்தது.

பிரிஹிதா மேலிருந்தபடியே பேசினாள்.

"அண்ணா, அந்த மரத்தடியில கக்கூஸ் கட்டுவாங்களாம். நீ அதுக்கும் காவல் நிப்பியா?"

சிப்ரியானோ தொப்பியைக் கழற்றினார். வேலிக் கம்பியில் மாட்டினார். இப்போது நான் நடந்து போகிற ஆள், நடக்கிறவர் எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கக்கூடாது என்று விதி இல்லை என்று யாரிடமோ சொல்லிவிட்டு, டிரெய்லரின் பின்பலகையில் தோளைக் கொடுத்தார். நூற்றெண்பது மீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறக்கம் தொட்டதும் வண்டி எல்லோர் கையிலிருந்தும் நழுவி உருண்டது. நிலையத்துக் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

ஆலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஜனவரி இரண்டாம் தேதி திறக்கும் என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். அனிசெத்தோ இறங்கவே இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரிஹிதா அவர் முதுகில் கை வைத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது.

அப்போது சிப்ரியானோ சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தலையில் தொப்பி. சட்டை முழுக்க வியர்வை. சீட்டுப்புத்தகத்தை எடுத்து, நிறுத்தி நிதானமாக ஒரு பக்கம் நிறைய எழுதி, முத்திரை குத்திக் கிழித்தார். குகைக்குள் பின்விளக்கு இல்லாமல் வந்ததற்கு அபராதம் என்றார்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா? இந்த நேரத்துலயா?" என்று பிரிஹிதா சீறினாள்.

"படிச்சுப் பாரு மச்சான்" என்றார் அவர்.

அனிசெத்தோ படித்தார். டிசம்பர் முப்பத்தொன்று. மேற்படி அனிசெத்தோ, தம் தோப்பின் இருநூற்றுப் பத்து மரங்களிலிருந்து இந்த வருஷம் அறுவடை செய்த ஆலிவ் முழுவதையும் தாம் ஓட்டிய சைக்கிளில் கொண்டுவரும்போது, பின்விளக்கு இன்மை கண்டுபிடிக்கப்பட்டது. பாரம்: காவலரே தள்ளிப் பார்த்த வகையில் மூன்று டன்னுக்குக் குறையாது. கீழே கையெழுத்து. அதன்மேல் அலுவலக முத்திரை, அலுவலகமே மறுக்க முடியாத அந்த முத்திரை.

அவர் இரண்டாம் தடவை உரக்கப் படித்தார். பிரிஹிதா கயிற்றைக் கீழே போட்டாள்.

"பெடல் சுத்துறது பொய்யின்னு எழுதலையே?" என்று கேட்டார் அனிசெத்தோ.

"பெடல் இருக்கான்னுதான் புஸ்தகத்துல கேக்குது. அது எதைச் சுத்துதுன்னு என்னை யாரும் கேக்கல" என்றார் சிப்ரியானோ. பிறகு, பதினைந்து நாளைக்குள் விளக்கு மாட்டியாக வேண்டும், மறுபடி வந்து பார்ப்பேன் என்று எச்சரித்துவிட்டு, மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், பாதையின் வலது ஓரமாக.