பத்தரை மணி ஸ்டூல்

1. ஃபாரத்தில் ஒரு ‘நோ’

வேலைக்கு முதல் நாள் போவதற்கு முன்பே நான் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

தொண்ணூற்றாறாம் வருஷம். ஃப்ரீமான்ட்டில் மகன் வீட்டில் இருந்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. வயதானவர்களைத் திரும்ப வேலையில் சேர்க்கிற கவர்ன்மென்ட் திட்டம் ஒன்று இருந்தது. வாரத்துக்கு இருபது மணி நேரம் எங்காவது டிரெய்னிங் வேலை கொடுப்பார்கள். அந்த இடத்துக்கு நம்மைப் பிடித்துப்போனால் அவர்களே பெர்மனன்ட் ஆக்கிக்கொள்வார்கள். கோவில்பட்டிப் பக்கம் பதினோரு வருஷம் சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள் நான். எல்லாரும் ஆபீஸ் போன பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

உடம்புக்கு ஏதாவது உண்டா என்று ஃபாரத்தில் ஒரு கேள்வி. எனக்கு ஆறு வருஷமாகச் சுகர். காலையில் ஒரு மாத்திரை.

“அம்மா, சுகர்னு எழுதுனா எவன் வேலை குடுப்பான்? ‘நோ’ போட்டுரட்டுமா?” என்றான் மகன்.

“போடு. நான் என்ன படுத்தா கெடக்கேன்?” என்றேன்.

2. ஸ்டெல்லா டீச்சர்

முதியோர் சென்டர் ஒன்றின் கிச்சனில் போட்டார்கள். மத்தியானம் நாற்பது பேருக்குச் சாப்பாடு. அதே திட்டத்தில், அதே வாரம் இன்னொரு தமிழ் அம்மாவும் வந்து சேர்ந்தாள். ஸ்டெல்லா. நாகர்கோவில்காரி, ஊரில் டீச்சராக இருந்தவள். என்னைவிட இரண்டே வயது சின்னவள். அதற்குள் வாய் நிறைய “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டு என்னைக் கிழவியாக்கிவிட்டாள்.

சூப்பர்வைசர் லிண்டா அமெரிக்கக்காரி. அவள் இங்கிலீஷில் ஒரு வரி சொன்னால் ஸ்டெல்லா அதை எனக்குத் தமிழில் மூன்று வரியாகச் சொல்வாள்.

ஸ்டெல்லாவுக்கும் சுகர். அவள் ஃபாரத்தில் அதை எழுதி, டாக்டர் லெட்டரும் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதனால் தினமும் பத்தரை மணிக்கு அவளுக்குப் பத்து நிமிஷம் பிரேக். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டூல். அதில் உட்கார்ந்து விரலில் குத்தி, மெஷினில் பார்ப்பாள்.

“டுடே ஹௌ மச்?” என்று லிண்டா அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

“ஒன் எய்ட்டீன்!” நூற்றுப் பதினெட்டு.

“குட் ஜாப், ஸ்டெல்லா!”

ஏதோ பரீட்சையில் பாஸ் பண்ணினதுபோல. பிறகு டப்பாவைத் திறந்து பிஸ்கட், சீஸ், அரை ஆப்பிள். நான் நின்றுகொண்டே கேரட் நறுக்குவேன். என் வயிறும் அதே பத்தரைக்குத்தான் கத்தும். என் காலும்தான் வலிக்கும். என் நம்பரை யார் கேட்டார்கள்?

“அக்கா, ஒரு பிஸ்கட் எடுத்துக்கிடுங்க.”

“வேண்டாம் டீச்சர். எனக்கு நேரத்துக்கு நேரம் திங்கிற பழக்கம் இல்ல.”

உண்மையில் அந்தப் பிஸ்கட்டைப் பார்த்து எனக்கு எச்சில் ஊறும். வீட்டுக்குப் போனாலும் அந்த மஞ்சள் ஸ்டூல்தான் கண்ணுக்குள் நிற்கும்.

என்னிடமும் ஒன்று இருந்தது. தெர்மாமீட்டர். பரிமாறுவதற்கு முன் ஒவ்வொரு டிரேயிலும் அதைச் சொருகி, சூட்டை ஷீட்டில் எழுத வேண்டும். சிக்கன் அமெரிக்கக் கணக்கில் நூற்று அறுபத்தைந்து டிகிரிக்குக் கீழே இருந்தால் வெளியே போகக் கூடாது. எனக்குப் படிப்பு எழுத்துக்கூட்டுகிற அளவுதான். ஆனால் நம்பர் நன்றாக எழுதுவேன். என் கை சுத்தத்தைப் பார்த்து லிண்டா அதை என்னிடம் கொடுத்திருந்தாள். ஏப்ரன் பாக்கெட்டில் அதைச் சொருகிக்கொண்டு ஸ்டெல்லா எதிரில் நாலு தடவை நடப்பேன்.

3. ஸிட், ஸிட், ஸிட்

நாங்கள் சேர்ந்து ஏழு மாதம் ஆனபோது, கிச்சனில் ஒரு பெர்மனன்ட் இடம் வரப்போகிறது, எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்று லிண்டா சொன்னாள். எனக்கு அதைத் தமிழில் சொன்னதும் ஸ்டெல்லாதான்.

மறுநாள் ஸ்டெல்லா கடைசி டிரேயைக் கழுவப் போன நேரம் பார்த்து நான் லிண்டாவிடம் போனேன். கோள் சொல்லத்தான் போனேன், மறைப்பானேன். அதற்கு ஸ்டெல்லாவையே மொழிபெயர்க்கக் கூப்பிட முடியாதே. இருக்கிற இங்கிலீஷை வைத்துச் சொன்னேன்.

“ஸ்டெல்லா ஸிட், ஸிட், ஸிட். ஐ ஸ்டாண்ட்.”

லிண்டா சிரிக்கவில்லை. மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். “ஸ்டெல்லா, டயபடிஸ். டாக்டர் லெட்டர்.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “யூ? டயபடிஸ்?”

வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறாள். ஒரு ‘எஸ்’ போதும்.

“நோ, நோ. ஐ ஸ்ட்ராங்” என்று கையை மடக்கிக் காட்டிவிட்டு வந்தேன்.

4. கிருத்திகை

அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்கு நான் பகல் முழுக்கச் சாப்பிடுவதில்லை. மாத்திரையால் விரதம் கெடாது என்று அதை மட்டும் வழக்கம்போல் விழுங்கிவிட்டுப் பஸ் ஏறினேன். இந்தத் தப்பை நம் பெண்கள் எத்தனை பேர் செய்கிறார்களோ.

பத்தரைக்கு ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்தாள். எனக்கு அப்போதே கண் இருட்டியது. பதினொன்றரைக்குத் தெர்மாமீட்டரைச் சிக்கனில் சொருகினேன். கை ஆடுகிறது. முள் இரண்டாகத் தெரிகிறது. “டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று சொல்லியிருக்கலாம். அவளிடமா? முந்தின நாள் எழுதிய நம்பர் மேல்வரிசையில் இருந்தது. அதையே கீழேயும் எழுதினேன்.

லிண்டா வந்து தன் தெர்மாமீட்டரைச் சொருகிப் பார்த்தாள். நூற்று இருபது. ஷீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டிரேக்களைத் திரும்ப ஓவனுக்குள் தள்ளிவிட்டு, ஹாலில் காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அங்கே ஒரு பெரியவர் முள்கரண்டியால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். மஞ்சள் ஸ்டூலில். அதில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

“வேர்த்து ஊத்துது. கை இந்த ஆட்டம் ஆடுது. உங்களுக்கும் சுகராக்கா?”

நான் ஏப்ரனால் முகத்தைத் துடைத்தேன்.

“மொதல்ல இந்த ஜூஸைக் குடிங்க.” குடித்தேன். விரதமும் போயிற்று. “இப்பம் போய் லிண்டாட்ட சொல்லட்டா? பொய்யா எழுதல, மயக்கத்துல எழுதிட்டாங்கன்னு வெளங்கிரும். இல்லேன்னா அந்த எடம் உங்களுக்குக் கெடைக்காதுக்கா.”

“சொல்லிராதீங்க டீச்சர்.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?”

“சொன்னீங்கன்னா நாளைக்கு நான் இந்தப் படி ஏற மாட்டேன்.”

அவள் வாயால் என் சுகர் வெளியே வந்து, அவள் இங்கிலீஷில் நான் பிழைப்பதா?

இரண்டு வாரத்தில் பெர்மனன்ட் இடம் ஸ்டெல்லாவுக்குப் போனது. தெர்மாமீட்டரும் அவள் ஏப்ரனுக்குப் போனது. நான் கேட்டுக்கொண்டதால் அவள் வாயை மூடினாளா, தனக்கு லாபம் என்று மூடினாளா? வெகுநாள் யோசித்தேன். இரண்டு தடவை கேட்டாளே என்று ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொள்வேன். சில நாளில் மறுபடி தொடங்கும்.

5. முதுகு வைத்த நாற்காலி

திட்ட ஆபீஸில் எனக்கு வேறு இடம் பார்த்தார்கள். பழைய துணி விற்கிற தர்மக் கடை. அங்கேயும் ஃபாரம், அங்கேயும் அதே கேள்வி. இந்தத் தடவை மகனை விடவில்லை. நானே சொன்னேன்: “சுகர். டென் தர்ட்டி ஈட். ஒன் சேர்.”

ஆபீஸ்காரப் பெண் “ஓகே” என்று எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். எட்டு மாதம் வயிறு எரிந்த விஷயம் ஒரு ‘ஓகே’யில் முடிந்தது. கேட்டிருந்தால் கிச்சனிலும் இவ்வளவுதான்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. மாத்திரை போட்டால் சாப்பிடுங்கள். விரதம் வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள். ஃபாரத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்தவருக்குக் கிடைப்பதைப் பார்த்துக் கொதிக்கும்போது, நாம் அதை வாய் திறந்து கேட்டோமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

கடையில் எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு முதுகு உண்டு. ஸ்டெல்லாவின் ஸ்டூலுக்குக் கிடையாது. ஒரு சனிக்கிழமை காலை அவள் ஸ்வெட்டர் வாங்க வந்தாள். சரியாகப் பத்தரை. நான் உட்கார்ந்து விரலில் குத்திக்கொண்டிருந்தேன்.

“நல்ல சேரா குடுத்திருக்காங்களே!” என்றாள். “எவ்வளவுக்கா இன்னிக்கு?”

“மொதல்ல உங்களுது சொல்லுங்க டீச்சர்.”

“காலையில நூத்தி முப்பது.”

மெஷினை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அந்தக் கடையில் எனக்கு இங்கிலீஷ் அதிகம் தேவைப்பட்டதில்லை. ஆனால் அன்றைக்கு இங்கிலீஷில்தான் சொன்னேன்.

“ஒன் சிக்ஸ்டீன்.”